பின்சக்கரத்தில் மூன்றாவது கம்பியும் ஒடிந்துவிட்டது: சக்கரத்தையே மாற்றுவதா, கம்பி மட்டும் போதுமா?

திருவான்மியூர்_ஓட்டி

வணக்கம் நண்பர்களே. ஒரு முடிவெடுக்க உங்கள் உதவி வேண்டும்.

என்னிடம் இருப்பது சாதாரண ஹைப்ரிட் சைக்கிள். 700சி சக்கரம், அலுமினிய ரிம், வி-பிரேக், பின்னால் ஏழு கியர் ஃப்ரீவீல் (திருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி), சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ் கம்பிகள். ஆறு ஆண்டுகளாகத் திருவான்மியூரிலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு இதில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். எல்.பி. சாலை, அடையாறு, சர்தார் பட்டேல் சாலை என்று போகும் பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் நிறுத்துவதில்லை. பின் கேரியரில் மடிக்கணினிப் பையும் சாப்பாட்டுப் பாத்திரமும் எப்போதும் இருக்கும். என் எடை எண்பது கிலோவுக்குச் சற்று மேலே.

சில மாதங்களாகப் பின்சக்கரம் பாடாய்ப் படுத்துகிறது. முதலில் ஒரு கம்பி ஒடிந்தது, மாற்றினேன். சில வாரங்களில் இன்னொன்று. நேற்று மத்திய கைலாஷ் அருகே 'டங்' என்று ஒரு சத்தம், மூன்றாவதும் போய்விட்டது. மூன்றுமே சங்கிலிப் பக்கத்துக் கம்பிகள். மூன்றுமே ஹப்பின் (சக்கரத்தின் நடுவிலுள்ள உருளை) துளைக்குள் வளைந்து நுழையும் இடத்தில் ஒடிந்தவை. கம்பி போனவுடன் சக்கரம் கோட்டமாகி பிரேக் கட்டையில் உரசுகிறது. பின் பிரேக்கை அவிழ்த்துவிட்டு உருட்டியும் ஓட்டியுமாக வீடு வந்து சேர வேண்டியிருக்கிறது.

இரண்டு கடைகளில் கேட்டேன். பெரிய கடையில், "இரண்டு சக்கரத்தையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள், நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்" என்றார்கள். எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பெரியவரோ, "ரிம் நன்றாகத்தான் இருக்கிறது, கம்பி போட்டுக் கோட்டம் எடுத்துத் தருகிறேன், சக்கரம் எதற்கு?" என்கிறார். அலுவலகத்தில் ஒருவர் சைக்கிளையே விற்றுவிடச் சொல்கிறார். முன்சக்கரம் எந்தத் தொல்லையும் தரவில்லை. அதையும் சேர்த்து மாற்றத்தான் வேண்டுமா?

கோவை_லேத்

கம்பியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் ரிம்மைப் பார்த்துச் சொல்லுங்கள். ஏனென்றால் கம்பி ஒடிந்தால் நடந்து வீட்டுக்குப் போகலாம். ரிம் பிளந்தால் அப்படியில்லை.

வி-பிரேக் வைத்த சைக்கிளில் பிரேக் கட்டை பிடிப்பது ரிம்மின் பக்கச் சுவரை. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் கட்டையோடு சேர்ந்து அலுமினியமும் கொஞ்சம் தேய்கிறது. மழையில் சாலை மணலும் சகதியும் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே சிக்கிக்கொண்டால் அரத்தால் ராவுவது போலத்தான். அந்தச் சுவருக்கு இன்னொரு பக்கத்திலிருந்து டயரின் காற்றழுத்தம் எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சுவர் மெலிந்துகொண்டே போய் ஒரு நாள் அழுத்தத்தைத் தாங்காமல் பிளந்துவிடும்.

மூன்று விஷயங்களைப் பார்த்து எழுதுங்கள். பிரேக் கட்டை படும் பரப்பில் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளக் கோடோ, ஓரிடத்தில் சிறு குழியோ இருக்கிறதா? அது தேய்மான அடையாளம். முன்பு இருந்து இப்போது காணாமல் போயிருந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது என்று பொருள். எல்லா ரிம்மிலும் இந்த அடையாளம் இருக்காது. அடுத்து, ஓர் எஃகு அளவுகோலின் விளிம்பை அந்தப் பரப்பில் குறுக்காக வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த அளவுக்குக் குழிந்திருக்கிறது. கடைசியாக, நிப்பிள் (கம்பியின் முனையை ரிம்மில் பிடிக்கும் மரை) துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆறு ஆண்டுகள், சென்னை மழை, கேரியரில் சுமை. இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் 'ரிம் நன்றாகத்தான் இருக்கிறது' என்பதை அளக்காமல் ஏற்க என்னால் முடியாது.

மதுரை_கோட்டம்

எங்கள் குடும்பத்துக்கே சைக்கிள் கடைதான் தொழில். கம்பி ஒடிவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹப்பின் வளைவில் கம்பி ஒடிவது ஒரே அடியில் நடப்பதில்லை. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது, தரையைத் தொடும் இடத்துக்கு வரும் கம்பியின் இழுவை குறைகிறது, தாண்டியவுடன் மறுபடி இறுகுகிறது. 700சி சக்கரத்துக்கு ஒரு கிலோமீட்டரில் ஏறக்குறைய 460 சுற்று. நீங்கள் போய்வரும் தூரத்துக்கு ஒரே நாளில் ஏழாயிரம் முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. கம்பி சரியான இறுக்கத்தில் இருந்தால் இந்த ஏற்ற இறக்கத்தை அது பொருட்படுத்தாது. இறுக்கம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து, துளைக்குள் அசைந்து, அந்த வளைவில் அலுப்புத் தட்டி ஒடிகிறது. கம்பியை அளவுக்கு மேல் முறுக்கியதால்தான் ஒடிகிறது என்று பலர் நினைத்து இன்னும் தளர்த்திவிடுகிறார்கள். அது நேர்மாறான வைத்தியம்.

சங்கிலிப் பக்கம் மட்டும் ஏன் என்றால், ஃப்ரீவீல் அந்தப் பக்கம் இடத்தை எடுத்துக்கொள்வதால் ரிம்மை நடுவில் நிறுத்த வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் அவற்றின் மேல் பாரம் அதிகம். இன்னொன்றையும் பாருங்கள். எப்போதாவது சங்கிலி பெரிய பல்சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளின் பக்கம் விழுந்திருந்தால் அங்கே கீறல் இருக்கும். கீறல் பட்ட கம்பி அந்த இடத்திலேயே ஒடியும். உங்களுக்கு எல்லாம் வளைவிலேயே ஒடிந்திருப்பதால் அது காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு கம்பி ஒடிந்தால் அதை மட்டும் மாற்றலாம். மூன்று ஒடிந்துவிட்டால் மற்ற கம்பிகளும் அதே வயதுடையவை, அதே தூரம் ஓடியவை. நான்காவது வரிசையில் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் ஃப்ரீவீலைக் கழற்றித்தான் அந்தப் பக்கம் கம்பி கோக்க முடியும். அதற்குக் கூலி கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட எல்லாக் கம்பிகளையும் ஒரே தடவையில் புதிதாகக் கோத்துவிடுவது நல்லது. ரிம்மையும் மாற்றுவதா என்பதைக் கோவை நண்பர் கேட்ட கேள்விகளுக்கு வரும் பதில் முடிவு செய்யட்டும்.

புறநகர்_ரயில்

என் கருத்து வேறு. ஆறு ஆண்டு ஓடிய சைக்கிள். இன்று சக்கரம், நாளை சங்கிலியும் ஃப்ரீவீலும், அதன் பிறகு பெடல் அச்சு. ஒவ்வொன்றாகச் செலவு வந்துகொண்டே இருக்கும். விலை கிடைக்கும்போதே கொடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் உள்ள புதிய சைக்கிளை வாங்குங்கள். டிஸ்க்கில் ரிம் தேயும் பேச்சே கிடையாது. நான் அப்படித்தான் செய்தேன், நிம்மதியாக இருக்கிறேன். அலுவலகம் போகிற வண்டி காலையில் எடுத்தால் ஓட வேண்டும், அவ்வளவுதான் தேவை.

கோவை_லேத்

> டிஸ்க்கில் ரிம் தேயும் பேச்சே கிடையாது.

இது உண்மை. ரிம் தேய்மானம் ஒன்றுக்காகவே டிஸ்க் பிரேக்கை விரும்புபவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் அவருடைய ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் பொருத்தத் தாங்கிகள் இல்லாவிட்டால் அதற்கு முழு சைக்கிளையே மாற்ற வேண்டும். கம்பி ஒடிவதற்கு டிஸ்க் மருந்தும் அல்ல. அந்த விலையில் வரும் புதிய சைக்கிள்களில் பலவற்றிலும் இதே ஃப்ரீவீல் ஹப்பும் இயந்திரத்தில் கோத்த சக்கரமும்தான் இருக்கின்றன. கம்பி தளர்வாக இருந்தால் அங்கேயும் ஒடியும்.

புதுவை_கடற்கரை

முன்சக்கரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

நானும் கடலோரத்தில் இருப்பவள், தினமும் பள்ளிக்கு சைக்கிளில் போகும் ஆசிரியை. சென்ற ஆண்டு என் முன் பிரேக்கைப் பிடிக்கும்போது லீவரில் ஒரு துடிப்பு தெரிந்தது. சக்கரம் ஒரு சுற்று வரும்போது ஒரு முறை, விரலில் மெல்லத் தட்டுவது போல. கோட்டமாக இருக்கும் என்று எண்ணி சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். சக்கரம் நேராகத்தான் ஓடியது, கோட்டம் எதுவும் இல்லை. கட்டை மட்டும் ஓரிடத்தில் சற்றே விலகி மறுபடி சேர்ந்தது. அந்த இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தபோது, பிரேக் பரப்பின் நடுவே விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. அழுக்கு என்று நகத்தால் சுரண்டினேன். நகம் அதற்குள் இறங்கியது. ரிம் வெளிப்பக்கமாக உப்பி, நீளவாக்கில் வெடித்திருந்தது. உடனே காற்றைப் பிடுங்கிவிட்டு ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

பின்சக்கரம் பிளந்தால் சறுக்கி நிற்கலாம். முன்சக்கரம் பிளந்து டயர் வெளியே வந்து ஃபோர்க்கில் சிக்கினால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். வேகத்தில் ஒழுங்காகப் பிரேக் பிடிப்பவர்களுக்கு முன் ரிம்தான் அதிகம் தேயும். முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கையே பிடிப்பவர்களுக்குப் பின் ரிம் முந்திக்கொள்ளும். ஆகையால் தொல்லை தராத சக்கரம் என்று முன்சக்கரத்தை விட்டுவிடாதீர்கள், அதையும் அளந்து பாருங்கள். மாற்றச் சொல்லவில்லை, அளக்கச் சொல்கிறேன்.

திருவான்மியூர்_ஓட்டி

சகோதரி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு சக்கரத்தையும் கழற்றிவிட்டேன். இன்று ரயிலில்தான் போனேன்.

அளவுகோலை வைத்தேன். பின் ரிம்மில் நடுவே தெளிவாக வெளிச்சம் தெரிகிறது. முன் ரிம்மில் மிக மெல்லிய கீற்று. பள்ளக் கோடு, குழி எதுவும் இரண்டிலும் இல்லை. இருந்து தேய்ந்ததா, முதலிலிருந்தே இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. நிப்பிள் துளைகளில் வெடிப்பு இல்லை. சுவரின் தடிமனை அளக்க வெர்னியர் காலிப்பரை வைத்தால் ரிம்மின் விளிம்பு உள்பக்கம் கொக்கி போல மடிந்திருப்பதால் அந்தத் தடித்த விளிம்புதான் அளவில் வருகிறது. குழிந்த இடத்துக்குக் காலிப்பரின் தாடை போகவில்லை. எப்படி அளப்பது?

கோவை_லேத்

ஒடிந்த கம்பிகளைத் தூக்கி எறியவில்லையே? அவைதான் கருவி.

14 கேஜ் கம்பி என்றால் விட்டம் 2 மில்லிமீட்டர். காலிப்பரில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். அதிலிருந்து நேரான இரண்டு சிறு துண்டுகளை வெட்டி முனைகளை ராவிவிடுங்கள். டயர், டியூப் இரண்டையும் எடுத்துவிட்டு, ஒரு துண்டைச் சுவரின் உட்பக்கம் மடிப்புக்குக் கீழே படுக்க வையுங்கள். இன்னொன்றை வெளிப்பக்கம் பிரேக் பரப்பின் குழிவில் அதற்கு நேராக வையுங்கள். இரண்டையும் சேர்த்துக் காலிப்பரால் பிடித்தால் வரும் அளவிலிருந்து 4 மில்லிமீட்டரைக் கழித்துவிடுங்கள். மிச்சம்தான் சுவரின் தடிமன். ஓரிடத்தில் அளந்தால் போதாது. வால்வுத் துளை, ரிம்மின் இரு முனைகளும் சேரும் இணைப்பு, இவற்றுக்கு இடைப்பட்ட இடங்கள் என்று சுற்றிலும் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கச் சுவர்களும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

புதிய ரிம்மில் பொதுவாக ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய ரிம்மில் நான் காற்றடிக்க மாட்டேன். அதற்கும் கீழே வரை ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பஸ்களுக்கு நடுவே ஓட்டுகிற வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம்.

ஹப்பையும் பார்த்துவிடுங்கள். அச்சை இரண்டு விரலால் பிடித்துச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மணலை அரைப்பது போல இருந்தால் பிரியுங்கள். அச்சில் இருந்து பேரிங் குண்டுகளைத் தாங்கும் கோன் குழி விழுந்திருந்தால் புதிது போடலாம், விலை குறைவு. ஹப்போடு சேர்ந்திருக்கும், குண்டுகள் ஓடும் கிண்ணமான கப் குழி விழுந்திருந்தால் ஹப்பே மாற வேண்டியதுதான். அப்போது புதிய சக்கரமாகவே வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

யாழ்_பழையவண்டி

தம்பி, அந்தத் தெருமுனைப் பெரியவர் சொன்னதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை எழுதலாம் என்று வந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் அப்புவின் ராலி சைக்கிள் இன்னும் வீட்டில் ஓடுகிறது. 28 அங்குல இரும்பு ரிம், முன்னுக்கு 32 கம்பி, பின்னுக்கு 40 கம்பி. அதில் இருப்பது கம்பித் தண்டால் இழுக்கும் பிரேக். அதன் கட்டை ரிம்மின் பக்கத்தைப் பிடிப்பதில்லை. ஹப்பை நோக்கி இருக்கும் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். ரயரின் காற்று தள்ளுகிற சுவரில் கட்டை படுவதே இல்லை. இரும்பும் அலுமினியம் மாதிரித் தேயாது. ஆகையால் அந்தக் காலத்துக் கைகளுக்கு ரிம் தேய்ந்து வெடிப்பது என்பது பழக்கமில்லாத விஷயம். ரிம் துரு ஏறிச் சாகும், அல்லது குழியில் விழுந்து நெளியும். நெளியவில்லை, துரு இல்லை என்றால் ரிம் நல்லது. அந்தப் பெரியவர் தன் கண்ணால் பார்த்த கணக்கைத்தான் சொல்லியிருக்கிறார். உங்களுடைய ரிம்முக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

அதற்காக இரும்பு ரிம்முக்குத் திரும்பவும் வேண்டாம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்க நினைத்த இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். அலுமினியம் ஈரத்திலும் பிடிக்கும்.

போர்க்காலத்தில் இங்கு எரிபொருளும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை, மின்சாரமும் இல்லை. சைக்கிளை நிறுத்திவைத்துச் சக்கரத்தைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது. பழைய ஹப்பைக் கழுவி, கோனும் பால்ஸும் மாற்றி, கிறீஸ் வைத்து மறுபடி ஓடவிடுவது எங்களுக்குக் கைவந்த வேலை. நல்ல ஹப் என்றால் அதை எறியாதீர்கள். ரிம்மும் கம்பியும் மாறலாம், ஹப் இரண்டு மூன்று ரிம்மைப் பார்க்கும்.

திருவான்மியூர்_ஓட்டி

அளந்துவிட்டேன். கோவை அண்ணா சொன்ன முறை மிக எளிதாக இருந்தது. கம்பித் துண்டுகளை ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டதால் நழுவவும் இல்லை.

பின் ரிம்: பெரும்பாலான இடங்களில் 0.8, 0.9 மில்லிமீட்டர். இணைப்புக்கு அருகே இடப்பக்கச் சுவரில் 0.7. முன் ரிம்: எங்குமே 1.2-க்குக் கீழே இல்லை. நான் பின் பிரேக்கைத்தான் அதிகம் பிடிப்பவன், கேரியர் பாரமும் அங்கேதான். புதுவைச் சகோதரி சொன்னது அப்படியே பொருந்துகிறது.

பின் ஹப்பைத் தெருமுனைக் கடையில் பிரித்துப் பார்த்தோம். வலப்பக்கக் கோனில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள், கப் இரண்டும் வழவழவென்று இருக்கின்றன. அச்சு நேராக இருக்கிறது, கண்ணாடி மேசையில் உருட்டிப் பார்த்தோம்.

இதோடு கம்பி மட்டும் மாற்றும் பேச்சு முடிந்தது. இப்போது கேள்வி இதுதான்: அதே ஹப்பில் புதிய ரிம்மும் புதிய கம்பியும் கோப்பதா, ஆயத்தமாக வரும் பின்சக்கரம் ஒன்றை வாங்குவதா?

தாம்பரம்_நெடும்பயணி

எப்படியும் சக்கரத்தைப் பிரிக்கப்போகிறீர்கள். இந்தச் சந்தர்ப்பத்தில் ஃப்ரீவீல் ஹப்பை விட்டுவிட்டு, பல்சக்கரங்களைத் திருகாமல் செருகி மாட்டும் கேசட் ஹப்புக்கு மாறுங்கள். ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்க பேரிங் ஃப்ரீவீலுக்கு உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் ஒரு நீளம் தாங்கலே இல்லாமல் நிற்கிறது. எடையும் சுமையும் கூடும்போது அச்சு அங்கேதான் வளையும், சமயத்தில் ஒடியும். கேசட் ஹப்பில் பேரிங் வெளி ஓரத்துக்கு வந்துவிடுகிறது.

உங்கள் ஃபிரேமின் பின் இடைவெளி 135 மில்லிமீட்டராக இருக்கும், அளந்துகொள்ளுங்கள். எட்டு முதல் பத்து கியர் வரைக்குமான ஹப்பில் ஏழு கியர் கேசட்டைப் போட 4.5 மில்லிமீட்டர் வளையம் ஒன்று உள்ளே வைத்தால் போதும். கியர் லீவர் பழையதே வேலை செய்யும். இதே எடையில், பாரம் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிற எனக்கு இதைவிட நல்ல மாற்றம் வேறு இல்லை.

மதுரை_கோட்டம்

தாம்பரம் நண்பர் சொன்ன காரணம் சரி. ஆனால் இவருடைய அச்சு ஆறு ஆண்டு கழித்தும் நேராக இருக்கிறது, கப் வழவழப்பாக இருக்கிறது. ஹப், கேசட் இரண்டும் வாங்கினால் செலவு ஜோடிச் சக்கரத்தின் விலையைத் தாண்டும். ஏழு கியர் ஃப்ரீவீல் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். அச்சு வளைகிற நாளில் கேசட்டுக்கு மாறலாம்.

எங்கள் கடைக் கணக்கைச் சொல்கிறேன், சென்னையில் கொஞ்சம் முன்பின் இருக்கும். இரட்டைச் சுவர் கொண்ட 36 துளை அலுமினிய ரிம் எண்ணூறு ரூபாய் அளவில். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி 36, நிப்பிளோடு ஐந்நூற்றைம்பது. கோன், பால்ஸ், கிறீஸ் நூறு. கோத்துக் கோட்டம் எடுக்கும் கூலி நானூறு, ஐந்நூறு. இரண்டாயிரத்துக்குள் முடியும்.

ஆயத்தச் சக்கரம் மோசம் என்று சொல்லவில்லை. விலை குறைந்த சக்கரங்கள் கடைக்கு வரும்போது பார்க்க நேராக இருக்கும், ஆனால் கம்பிகளின் இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறுபடும், மொத்தத்தில் தளர்வாகவும் இருக்கும். அதை அப்படியே மாட்டி ஓட்டினால் உங்கள் பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும். அதை வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் ஒரு முறை முழுமையாக இறுக்கிக் கோட்டம் எடுக்கத்தான் வேண்டும். அந்தக் கூலியைப் புதிதாகக் கோப்பதற்கே கொடுக்கலாம்.

கோப்பவரிடம் சில விஷயங்களை வற்புறுத்துங்கள். பழைய கம்பியை மிச்சப்படுத்திப் புதிய ரிம்மில் போட விடாதீர்கள். நீளத்தைப் பழைய கம்பியை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, புதிய ரிம்மின் உள்விட்டம் மாறியிருந்தால் நீளமும் மாறும். பின்சக்கரத்தில் சங்கிலிப் பக்கக் கம்பி மறுபக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குட்டை, இரண்டு நீளத்திலும் வாங்க வேண்டும். கடலோரம் என்பதால் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும், உப்புக்காற்றில் அலுமினிய நிப்பிள் அரித்துக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துக் கோக்கட்டும்.

முக்கியமான ஒன்று. இறுக்கி முடித்தபின், ஒரே பக்கத்தில் இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து பலமாக நெருக்க வேண்டும். சுற்றிலும் இப்படிச் செய்தால் வளைவு ஹப்பின் துளையில் சரியாகப் படிந்து உட்காரும். பிறகு மறுபடி கோட்டம் பார்த்து இறுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்த சக்கரத்துக்கும் செய்யாத சக்கரத்துக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு.

புறநகர்_ரயில்

இரண்டாயிரத்துக்குள் முடியும் என்றால் சரிதான். சங்கிலியும் ஃப்ரீவீலும் என்ன நிலையில் இருக்கின்றன என்பதையும் பார்த்துவிட்டு மொத்தத்தைக் கூட்டுங்கள். கூட்டிய பிறகும் புதிய சைக்கிளின் பாதி விலைக்குக் கீழே வந்தால் செய்யுங்கள். மழையில் தினமும் ஓட்டுபவருக்கு டிஸ்க்தான் ஏற்றது என்ற என் எண்ணம் மாறவில்லை.

திருவான்மியூர்_ஓட்டி

வேலை முடிந்தது. எழுதாமல் விடக்கூடாது என்று வந்தேன்.

ரிம்மும் கம்பியும் பாரிமுனைப் பக்கம் போய் வாங்கினேன். உள் அகலம் 19 மில்லிமீட்டர், 36 துளை, பழைய 35-622 டயரே பொருந்திவிட்டது. பழைய ரிம்மைத் தெருமுனைப் பெரியவரே பிரித்தார். அவரிடம் ஆக்சா பிளேடு இருந்தது, ஒரு துண்டு வெட்டித் தரக் கேட்டேன். குறுக்கே வெட்டிய முகத்தைப் பார்த்தபோதுதான் முழுதும் விளங்கியது. மேலே டயரைப் பிடிக்கும் கொக்கி தடிமனாக இருக்கிறது, அடிச்சுவரும் தடிமனாக இருக்கிறது, நடுவில் கட்டை பிடித்த இடம் மட்டும் இடுப்புச் சிறுத்துத் தகடாக நிற்கிறது. ஐயா அதை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தடவிப் பார்த்தார். கட்டை வைத்து மேலே பிடிக்கிற வண்டியில் இது தெரியாதே என்றார். யாழ்ப்பாணத்து ஐயா எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. மறுநாள் போனபோது கடைக்கு வந்திருந்த ஒரு பையனின் சைக்கிளில் அவரே அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோத்ததும் அவர்தான். கம்பிகளை நெருக்கும் முறையை அவரிடம் சொல்லத் தேவையே இருக்கவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கேட்காமலே செய்தார். புதிய கோனும் பால்ஸும் போட்டார். பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு ஒன்பது பால்ஸ், எண்ணித்தான் போட்டார். செலவு ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

முன்சக்கரத்தை மாற்றவில்லை. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளப்பேன். பிரேக் கட்டைகளைக் கழற்றியபோது பின் கட்டைகளில் அலுமினியத் துணுக்குகள் மினுமினுத்தன. அவற்றைக் கொண்டு புதிய ரிம்மைத் தேய்க்க மனம் வரவில்லை, நான்கையும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். முதல் நாள் ஏறி ஓட்டியபோது பின்னால் 'டிக் டிக்' என்று கம்பிகளில் சத்தம் கேட்டது, கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா?

மதுரை_கோட்டம்

நிப்பிளை முறுக்கும்போது கம்பியும் சேர்ந்து கொஞ்சம் திருகிக்கொள்ளும். முதலில் பாரம் ஏறும்போது அந்தத் திருகல் விடுபடுகிற சத்தம் அது. நின்றுவிட்டது என்றால் கவலையில்லை. இரண்டு வாரம் ஓட்டிவிட்டு ஐயாவிடம் ஒரு முறை காட்டி இறுக்கத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் தொடர்ந்தால் மட்டும் உடனே போங்கள்.

மழையில் ஓட்டி வந்த அன்று இரவே ரிம்மின் பக்கங்களை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கட்டைக்குள் மணலோ துணுக்கோ பதிந்திருந்தால் குத்தூசியால் எடுத்துவிடுங்கள். ரிம்மின் ஆயுளைக் கூட்ட இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

திண்டுக்கல்_புதியவர்

இழை முழுவதும் படித்தேன், மிகவும் பயனுள்ளது. என் தங்கையின் சைக்கிளிலும் பின் ரிம் நெளிந்துவிட்டது. டயரில் 26 என்று போட்டிருக்கிறது. கடையில் 26 அங்குல அலுமினிய ரிம் இருக்கிறதாம், வாங்கிவிடலாமா?

கோவை_லேத்

வாங்குவதற்கு முன் டயரின் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 26 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகள் உண்டு. 37-590 என்று இருந்தால் அது 26 × 1 3/8, பெண்கள் சைக்கிள்களில் பரவலாக வருவது. மலைச் சைக்கிள் ரிம் 559. இரண்டுக்கும் விட்டத்தில் 31 மில்லிமீட்டர் வித்தியாசம், டயர் பொருந்தாது, பிரேக் கட்டையும் எட்டாது. கோடுக்குப் பின்னால் வரும் அந்த மூன்று இலக்க எண்ணைக் கடையில் சொல்லிக் கேளுங்கள். கூடவே பழைய ரிம்மின் துளைகளையும் எண்ணிக்கொண்டு போங்கள்.